கைகளே முதல் காவல்

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். போதிய அளவின்றி அதனை உட்கொண்டால் பாக்டீரியாக்கள் மருந்தைத் தாங்கி வாழப் பழகிவிடும் என்று, 1945இல் ஆற்றிய நோபல் உரையிலேயே அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை விரைவில் மெய்யாயிற்று. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸை ஒடுக்க 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இல் அதனையும் எதிர்க்கும் வகை இங்கிலாந்தில் அறியப்பட்டது.

மருந்து, எதிர்ப்பாற்றல் அற்ற பாக்டீரியாக்களை அழிக்கிறது. ஆற்றல் உள்ளவை எஞ்சிப் பெருகுகின்றன. மருந்துகள் மிகுதியாகப் பயன்படும் மருத்துவமனை அவற்றின் விளைநிலமாகிறது. நோயாளியைத் தொட்ட கைகள் வழியே அவை அடுத்தவரை அடைகின்றன. அறுவைப் புண்ணின் வழியே குருதியில் கலந்தால் உயிரையும் பறிக்கக்கூடும்.

இப்பரவலைத் தடுக்க நெதர்லாந்து 'தேடி அழித்தல்' என்னும் முறையைக் கைக்கொண்டது. பிறநாட்டு மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்று வருவோர் போன்றோரைச் சேர்க்கும்போதே மூக்கு, தொண்டை முதலிய இடங்களிலிருந்து மாதிரி எடுப்பர். முடிவு தெரியும்வரை அவர்களைத் தனியறையில் வைத்துப் பேணுவர். மருத்துவப் பணியாளரிடம் அப்பாக்டீரியா காணப்பட்டால், அது நீங்கும்வரை நோயாளிகளைத் தொடும் பணியிலிருந்து விலக்குவர். மருந்துகளையும் தேவையறிந்தே வழங்குவர். இதனால் மெத்திசிலினை எதிர்க்கும் வகை மிகக் குறைவாக உள்ள ஐரோப்பிய நாடுகளுள் ஒன்றாக நெதர்லாந்து விளங்குகிறது.

புதிய மருந்தொன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவை. ஒரு நோயாளியைத் தொடுமுன் கைகளைக் கிருமிநாசினியால் தூய்மை செய்ய அரை நிமிடம் போதும்.