உங்களுக்குத் தெரியுமா? மதில் சொல்லும் நாமங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டௌபர் நதிக்கு மேலே அமைந்த ரோத்தன்பர்க் நகருக்கு ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் வந்திறங்குவோர் கண்டு வியக்கும் புராதன மதிலின் ஒரு பகுதி, 1945 மார்ச் 31 அன்று விமானக் குண்டுவீச்சில் தகர்ந்து, பின்னர் பல தேசத்தார் மனமுவந்து ஈந்த நன்கொடையால் மீண்டும் எழுந்ததாகும்.

• நன்கொடையாளரின் நாமங்கள் மதிலிலேயே கற்பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

• இந்நகரின் வழியே செல்லும் ‘ரொமான்டிக் சாலை’ என்னும் சுற்றுலா மார்க்கம், யுத்தத்தின் ரணம் ஆறுமுன்பே, 1950இல் வகுக்கப்பட்டது.

• புனித யாக்கோபு ஆலயத்தில், டில்மன் ரீமன்ஷ்னைடர் என்னும் மகாசிற்பி 500 ஆண்டுகளுக்கு முன் மரத்தில் செதுக்கிய திரு இரத்தப் பீடம் இன்றும் விளங்குகிறது.

வழிகாட்டி தரும் ஓய்வுப் பொழுதில் மதில்மேல் ஏறி, அந்நாமங்களுள் சிலவற்றையேனும் நின்று வாசியுங்கள்.