தாடை எலும்பில் ஆறாத புண்

வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுப்பதுண்டு. நம்மவர்கள் 'கரண்ட் வைத்தார்கள்' என்று சொல்வார்களே, அதுதான். நோயைக் கொல்லும் அந்தக் கதிர் பக்கத்திலுள்ள தாடை எலும்பையும் விடுவதில்லை. எலும்புக்குள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. எலும்பைப் புதுப்பிக்கும் உயிரணுக்கள் குறைகின்றன. கீழ்த்தாடைக்கு இரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு என்பதால் அதற்கே ஆபத்து அதிகம். கதிரின் மொத்த அளவு 60 கிரேயைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும்.

இப்படிப்பட்ட எலும்பு பல வருடங்கள் சும்மா இருக்கும். பிறகு ஒரு நாள் ஆடுகிற பல்லைப் பிடுங்குவோம், குழி மூடாது. ஈறு விலகி எலும்பு வெளியே தெரியும். மூன்று மாதமாகியும் ஆறவில்லை, அங்கே புற்றுநோயும் இல்லை என்றால், கதிர்வீச்சால் எலும்பு செத்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். 'அங்கே புற்றுநோயும் இல்லை' என்ற நிபந்தனையைப் பற்றித்தான் எழுத வந்தேன். சில சமயம் அது சோதித்துப் பார்க்கப்படாமல் அனுமானமாகவே நின்றுவிடுகிறது.

என் சகலைக்கு 2012ல் நாக்கில் புற்று. சென்னையில் அறுவையும் கதிர்வீச்சும் முடித்துக்கொண்டு மகனோடு போபாலுக்கு வந்துவிட்டார். 2018ல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், புண் ஆறவில்லை. பழைய கதிர்வீச்சின் விளைவு என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி, ஒரு வருடம் மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்துமாகக் கழிந்தது. பிறகு கீழுதடும் மோவாயும் மரத்துப்போயின. சவரம் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லை என்றார். வேறொரு மருத்துவமனையில் எலும்பின் ஆழத்திலிருந்து துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் நாக்கில் வந்த ரகமன்று. நுரையீரலில் தோன்றி, இரத்தத்தின் வழியே தாடைக்கு வந்து குடியேறியது. நுரையீரலில் கட்டி இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

இது அபூர்வம்தான். வாயில் காணும் புற்றுநோய்களில் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்தவை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் நுரையீரலிலிருந்தும் பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் வருகிறது. சிறுநீரகம், தைராய்டு, பிராஸ்டேட் ஆகியவற்றிலிருந்தும் வரலாம். வந்து தங்குமிடம் அநேகமாகக் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி. கதிர்வீச்சால் எலும்பு கெடுவதும் அதே பகுதியில் என்பதுதான் சங்கடம்.

எக்ஸ்ரேயில் இரண்டும் அரித்த எலும்பாகவே தெரியும். பெட் ஸ்கேனில் புற்றும் ஒளிரும், சீழ் பிடித்த அழற்சியும் ஒளிரும். மேலாகச் சுரண்டி எடுத்தால் செத்த எலும்புதான் கிடைக்கும். ஆழமாக வெட்டலாம் என்றால், அந்தப் புண்ணும் ஆறாமல் போகுமோ என்று மருத்துவர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ரயில்வேயில் தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் கண்டுபிடிப்போம். ஆனால் எதனால் விரிசல் விட்டது என்று அறிய, அந்தத் துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

உதடு மரத்துப்போதல், நாளுக்கு நாள் கூடும் வலி, வீக்கம், பல் குழியிலிருந்து சதை வளர்தல், தாடை தானாக முறிதல் - இவற்றில் சில வெறும் கதிர்வீச்சுச் சேதத்திலும் வரும். ஆனாலும் "ஆழத்திலிருந்து பயாப்சி எடுக்க வேண்டாமா?" என்று கேட்க வேண்டிய கட்டம் அது. முன்பு வேறெந்த உறுப்பில் புற்று வந்திருந்தாலும் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சகலைக்கு மரபணுச் சோதனை செய்து அதற்கேற்ற மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கினார், 2022ல் காலமானார். முன்பே தெரிந்திருந்தால் ஆயுள் எவ்வளவு நீண்டிருக்கும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்லவில்லை. கொப்பளித்தே கழிந்த அந்த ஒரு வருடத்தைத்தான் என் மைத்துனி இன்னும் பேசுகிறாள்.

நம்மைப் போல் ஊர் மாறி வாழ்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கதிர்வீச்சு கொடுத்தது அடையாற்றிலோ வேலூரிலோ இருக்கும். பல் பிடுங்குபவர் இங்கே தெருக்கோடியில் இருப்பார். கதிர்வீச்சு முடிந்த வருடம், மொத்தம் எத்தனை கிரே, எந்தப் பக்கம் என்ற விவரம் டிஸ்சார்ஜ் தாளில் இல்லாவிட்டால், அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்லில் கை வைக்கும் முன்பே அதைக் காட்டிவிடுங்கள். இனிமேல்தான் கதிர்வீச்சு என்பவர்கள், சொத்தைப் பற்களை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.