கால் (சொல்)

கால் என்பது உடலுறுப்பையும் நீர் ஓடும் வழியையும் குறிக்கும் தமிழ்ப் பெயர்ச்சொல் ஆகும். தூண், காற்று, நான்கில் ஒரு பங்கு ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. இவை அனைத்தும் ஒரே வேரில் பிறந்தவை எனக் கொள்வதற்கில்லை. சொற்பிறப்பியல் அகராதிகள் சிலவற்றைத் தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. உடலுறுப்புப் பெயர் நிலத்துக்கும் வழங்குவது பிற மொழிகளிலும் உண்டு. நார்வேஜிய மொழியில் முதுகைக் குறிக்கும் ‘ரிக்’ என்ற சொல், மலையின் நீண்ட முகட்டையும் குறிக்கும்.

சொல்லமைப்பு

‘வாய்’ என்ற சொல்லும் இத்தகையதே. வாய் + கால் = வாய்க்கால்; இங்கு வல்லின ‘க்’ மிகுந்தது. கால் + வாய் = கால்வாய்; வருமொழி இடையினத்தில் தொடங்குவதால் இயல்பாகப் புணர்ந்தது. பெரியதைக் கால்வாய் என்றும் சிறியதை வாய்க்கால் என்றும் பிரிப்பதுண்டு. ஆனால் அது உறுதியான விதியன்று. 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரை வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் சுமார் 90 கி.மீ. நீளமுடையது.

திருப்பூர் பகுதியில்

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் காண்டூர் கால்வாய், உடுமலைப்பேட்டை அருகிலுள்ள திருமூர்த்தி அணைக்கு நீர் கொண்டுவருகிறது. அங்கிருந்து செல்லும் நீரை உழவர்கள் ‘பி.ஏ.பி. வாய்க்கால்’ தண்ணீர் என்பர். பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து நீர் விடப்படுகிறது. நீர் புறப்படும் இடம் தலைமதகு. முடியும் இடம் கடைமடை. வழியில் கசிவாலும் திருட்டாலும் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயலே. வெள்ளகோவில் பகுதி உழவர்கள் தங்கள் பங்கு நீர் கேட்டுப் போராடியதும் இதனால்தான்.

நொய்யல் ஆற்றில் சிக்கல் வேறு. அங்கு குறைந்தது நீரின் அளவு மட்டுமன்று, தரமும்தான். பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்நீர் வயலுக்கு உதவாமல் போனது. கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

வாய்க்கால் நீரை நடத்திச் செல்லும் வழி மட்டுமே. மேலே விடுவது எதுவோ, அதுவே கடைமடையை அடையும்.