பேட்டரி காரில் மதுரை போகலாமா?

குழந்தைகளே! பச்சை நிற நம்பர் பலகையுடன், சத்தமே இல்லாமல் ஒரு கார் உங்கள் தெருவில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பேட்டரி கார். பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம். செல்போனுக்குச் சார்ஜ் போடுவது போல் இதற்கும் சார்ஜ் போட்டால் ஓடும்.

"டவுனுக்குள் சுற்ற அது சரி. வெளியூர் போக முடியுமா? பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து விட்டால் யார் தள்ளுவது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு "முடியும்" என்றோ "முடியாது" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள்... ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்!

மருந்துக் கடையில் பெட்ரோல்!

முதலில் ஒரு பழைய கதை. நடந்த கதை.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கரக் கார் ஒன்றைச் செய்தார். அதை வாங்க யாரும் துணியவில்லை. "இது ஊர் விட்டு ஊர் போகுமா?" என்று அன்றும் சந்தேகம்தான். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமலே அந்தக் காரை எடுத்துக் கொண்டு கிளம்பி விட்டார். கூட வந்தவர்கள் அவருடைய மகன்கள் இருவர். பெரியவனுக்கு வயது 15, சின்னவனுக்கு 13. உங்கள் வயதுதான்!

மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்தது. அப்போது உலகத்தில் பெட்ரோல் பங்க் என்பதே கிடையாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடைக்குப் போனார். துணியில் கறை நீக்க விற்கும் ஒரு வகை எண்ணெயை அங்கே வாங்கி ஊற்றினார்! எரிபொருள் குழாய் அடைத்துக் கொண்டபோது, தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். மேட்டில் கார் ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் தேய்ந்து போனது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்துக் கொண்டார். அன்று மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இந்தக் கதை நமக்கு என்ன சொல்கிறது? கார் நல்ல கார்தான். வழியில் எரிபொருள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி காரின் பிரச்னையும் இன்று கிட்டத்தட்ட அதேதான்.

யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

உங்கள் வீட்டுக் கரன்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். காரின் பேட்டரியையும் அதே யூனிட்டில்தான் அளக்கிறார்கள். பெட்ரோல் டேங்க்கில் இத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது போல, பேட்டரியில் இத்தனை யூனிட் பிடிக்கும்.

2001இல் பெங்களூரில் தயாராகி விற்பனைக்கு வந்த 'ரேவா' என்ற குட்டிக் காரை ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கிலோமீட்டர்தான் ஓடும். அதில் இருந்தது கனமான ஈய பேட்டரி. இப்போது வரும் கார்களில் இருப்பது லித்தியம் பேட்டரி. எடை குறைவு, ஆனால் நிறைய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். உங்கள் வீட்டுச் செல்போனில் இருப்பதும் இந்த வகைதான்.

நம் கணக்குக்கு, 45 யூனிட் பிடிக்கும் ஒரு நடுத்தரக் காரை எடுத்துக் கொள்வோம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு ஏ.சி. போட்டுப் போனால், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக் கொள்வோம். 45 x 6 = 270 கிலோமீட்டர். விளம்பரத்தில் இதைவிட அதிகமாகப் போட்டிருப்பார்கள். அது சோதனைக் கூடத்தில் அளந்தது. சாலையில் போகும்போது நம் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு...

இப்போது கிளம்பலாமா? சென்னையிலிருந்து மதுரை சுமார் 465 கிலோமீட்டர். நம் கார் ஓடுவது 270தான். எனவே வழியில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு?

முதல் பகுதி: சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை சுமார் 200 கிலோமீட்டர். செலவு 33 யூனிட். மிச்சம் 12. அங்கே வேக சார்ஜரில் போட்டு, 36 யூனிட்டுக்கு ஏற்றுகிறோம். அதாவது 80 சதவீதம். ஏற்றியது 24 யூனிட். இதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம்.

இரண்டாம் பகுதி: உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி சுமார் 130 கிலோமீட்டர். செலவு 22 யூனிட். மிச்சம் 14.

மூன்றாம் பகுதி: திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். தேவை 23 யூனிட். ஆனால் கையில் 14தான் இருக்கிறது. 9 யூனிட் மட்டும் ஏற்றினால் மதுரை எல்லையில் சரியாகத் தீர்ந்து விடும்! எனவே 10 யூனிட் சேர்த்து, 19 யூனிட்டாக ஏற்றிக் கொள்கிறோம். இது ஏறக்குறைய அரை மணி நேரம்.

ஆக, இரண்டு நிறுத்தம். ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரம் சார்ஜுக்கு. பெட்ரோல் போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் விடியற்காலை கிளம்பினால் வழியில் இட்லி, பொங்கல் சாப்பிட இறங்குவோம் அல்லவா? திருச்சியில் ஒரு காபி குடிப்போம் அல்லவா? நாம் சாப்பிடும் நேரத்தில் காரும் சாப்பிடட்டுமே!

டவுன் பஸ்ஸும் பேட்டரியும்

"ஏன் 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும்? முழுசாக ஏற்றிக் கொள்ளக் கூடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி.

காலி டவுன் பஸ்ஸில் ஏறினால் சட்டென்று ஓர் இருக்கையில் உட்கார்ந்து விடலாம். பஸ் நிரம்ப நிரம்ப, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கண்டக்டர் கத்தினாலும், ஒவ்வொருவராகத்தான் நெருக்கிக் கொண்டு ஏற முடியும். பேட்டரியிலும் இதே கதைதான். லித்தியம் துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடம் பிடிக்க வேண்டும். காலியாக இருக்கும்போது வேகமாகப் போகும். 80 சதவீதத்துக்கு மேல் இடம் குறைகிறது. அவசரப்படுத்தினால் பேட்டரி கெட்டுப் போகும் என்பதால், காரே வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் நாம் பாதி தூரம் போய் விடலாம்!

வீட்டில் போட்டால் என்ன? ஏ.சி., கெய்சர் மாட்டும் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட்தான் ஏறும். 45 யூனிட்டுக்கு 15 மணி நேரம். இரவு தூங்கும்போது போட வசதி. வழியில் இதை நம்ப முடியாது.

சார்ஜைத் தின்னும் திருடர்கள்

ஒன்று, வேகம். கார் காற்றைத் தள்ளிக் கொண்டு போகிறது. வேகம் கூடக் கூட, காற்று எதிர்க்கும் விசை இருமடி விகிதத்தில் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110க்குப் போனால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இரண்டு, மலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். குடும்பத்தோடு ஒரு காரை அடிவாரத்திலிருந்து அங்கே தூக்கி வைக்க மட்டுமே சுமார் 9 யூனிட் வேண்டும். ஆனால் பேட்டரி காரில் ஒரு வேடிக்கை உண்டு. இறங்கும்போது அதன் மோட்டார் டைனமோவாக மாறி, மின்சாரம் செய்து பேட்டரிக்கு அனுப்பும். ஏறும்போது கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பி வந்து விடும். பெட்ரோல் காரில் இறங்கினால் டேங்க் நிரம்புமா, சொல்லுங்கள்!

மூன்று, குளிர். நம் ஊரில் இந்தத் திருடன் அதிகம் வர மாட்டான். நார்வே நாட்டில் வருவான். பனிக்காலத்தில் பேட்டரிக்கும் சோம்பல் வந்து விடும். காருக்குள் வெப்பம் உண்டாக்கவும் மின்சாரம் வேண்டும். அப்படியிருந்தும் 2024இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் 100க்கு 89 பேட்டரி கார்கள்தான். அதற்கு ஒரு காரணம், அந்த நாட்டில் வழி நெடுக வேக சார்ஜர் நிறுவி விட்டார்கள்.

9 சதவீதத்தில் ஓர் இரவு

எல்லாம் நல்லதாகவே சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு பொங்கலுக்கு முதல் நாள் இரவு ஊருக்குக் கிளம்பினார். காரில் வயதான தாயார், மனைவி, ஒரு வயதுக் குழந்தை. செல்போனில் பார்த்து வைத்த சார்ஜருக்கு வந்தபோது மணி 11. பேட்டரியில் 9 சதவீதம். சார்ஜரின் திரை இருட்டாக இருந்தது. பழுது!

அடுத்த சார்ஜர் 24 கிலோமீட்டரில். கணக்குப் போட்டார். 45 யூனிட்டில் 9 சதவீதம் என்றால் 4 யூனிட். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் சரியாக 24. ஒரு மூச்சு கூட மிச்சம் இல்லை! உடனே ஏ.சி.யை அணைத்தார். கண்ணாடிகளை இறக்கினார். 50 கிலோமீட்டர் வேகத்தில், லாரிகளுக்கு வழி விட்டு ஓரமாகவே போனார். யாரும் பேசவில்லை. மெதுவாகப் போனதால் யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் கிடைத்தது. 2 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே முன்னால் இரண்டு கார்கள் வரிசையில்! குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு பாட்டி ஒன்றரை மணி நேரம் நடந்தார். ஊர் சேரும்போது விடியற்காலை 3 மணி.

அவர் இன்றும் அதே காரைத்தான் ஓட்டுகிறார். ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறார். "போகும் சார்ஜர் கெட்டிருந்தாலும், அதற்கு அடுத்த சார்ஜர் வரை போகிற அளவு மிச்சம் வைப்பேன்." நாம் மதுரைக் கணக்கில் 10 யூனிட் கூடுதலாக ஏற்றினோமே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

அப்படியானால் யாருக்கு ஏற்றது?

தினமும் பக்கத்தில் ஓட்டி, ஆண்டுக்கு நான்கைந்து முறை வெளியூர் போகிற குடும்பத்துக்கு, வீட்டில் சார்ஜ் போட இடமும் இருந்தால், பேட்டரி கார் நன்றாகவே ஒத்து வரும். வீட்டுக் கரன்ட்டில் ஓட்டும்போது செலவும் குறைவு. வழியில் உள்ள வேக சார்ஜரில் யூனிட் விலை கூடுதல் என்பதை மறக்கக் கூடாது.

இரவு பகல் பாராமல் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள், சார்ஜர் அதிகம் இல்லாத ஊர்களுக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புகை விஷயமும் உண்டு. பேட்டரி கார் புகை விடாது. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் சுழல்கிற காற்றாலைகள், கூரைகளில் சூரியத் தகடுகள் இவை பெருகப் பெருக, அந்தப் புகையும் குறையும்.

துணுக்குகள்

* 1899இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் கார் எது தெரியுமா? பேட்டரி கார்தான்! ஓட்டியவர் பெல்ஜியம் நாட்டு கமில் ஜெனாட்சி.

* லித்தியம் பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குட்இனஃப். பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97!

* 2022இல் சோதனைக் கார் ஒன்று, ஒரே சார்ஜில் ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கடற்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து தாத்தா, பாட்டி ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்? அப்பாவின் செல்போனில் பார்த்து எழுதுங்கள். 45 யூனிட் காரில், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்து, எங்கே நிறுத்துவது, எத்தனை யூனிட் ஏற்றுவது என்று ஒரு தாளில் போடுங்கள். எங்கேயும் மிச்சம் 10 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது. போட்டு முடித்ததும் வீட்டில் காட்டுங்கள். "பாதி வழியில் யார் தள்ளுவது?" என்று கேட்டவர்களுக்கு உங்கள் தாளே பதில் சொல்லும்!