முதலில் சம்மதம், பிறகுதான் மின்னஞ்சல்: டென்மார்க் போட்ட கோடு

டென்மார்க்கில் ஒரு நிறுவனம் சம்மதம் தராதவர்களுக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பி மாட்டிக்கொண்டால், நீதிமன்றங்கள் கையாண்டுவரும் கணக்கு இது: நூறு மின்னஞ்சல் வரை 10,000 குரோனர் அபராதம். அதைத் தாண்டினால் மின்னஞ்சல் ஒன்றுக்கு 100 குரோனர், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பட்டனை அழுத்தினால் லட்சம் பேருக்குப் போய்ச் சேரும் ஒரு பொருளுக்கு எண்ணி எண்ணி விலை வைத்திருக்கிறார்கள். ஸ்பேம் என்னும் தொல்லையை இதைவிடச் சரியாகப் புரிந்துகொண்ட சட்டம் குறைவு.

அனுப்புகிறவருக்கு ஏறக்குறைய செலவே இல்லாததுதான் இந்தத் தொல்லையின் வேர். தபாலில் நோட்டீஸ் அனுப்பினால் தாளுக்கும் அச்சுக்கும் அஞ்சல்தலைக்கும் காசு போகும். அதனால் யாருக்கு அனுப்புவது என்று யோசிப்பார்கள். மின்னஞ்சலில் அந்த யோசனைக்கு வேலையில்லை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் லாபம். மீதி 999 பேர் அதைத் திறந்து, பார்த்து, அழிக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1978 மே மாதம் ஆர்ப்பாநெட் வலைப்பின்னலில் இருந்த நானூறு பேருக்கு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் ஊழியர் கேரி துர்க் ஒரு கணினி விளம்பரத்தை அனுப்பினார். வரலாற்றில் பதிவான முதல் ஸ்பேம் அதுதான். கண்டனம் குவிந்தது, விற்பனையும் நடந்தது. சிக்கல் அன்றே முழுதாகத் தெரிந்துவிட்டது.

டென்மார்க் தன் சந்தைப்படுத்தல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கான தடையை 2000 ஜூலையில் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான நெறிமுறை 2002இல்தான் வந்தது. தற்போதுள்ள சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. அதன் 10ஆம் பிரிவு மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்ற விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்கிறது. பெறுபவர் தனிநபரா, இன்னொரு நிறுவனமா என்ற வேறுபாடு அங்கே கிடையாது. அமெரிக்கா 2003இல் எடுத்த வழி நேர் எதிரானது. அங்கே முதலில் அனுப்பலாம். வேண்டாம் என்று சொன்ன பிறகு நிறுத்தினால் போதும். அமெரிக்க வழியில் பாரம் முழுவதும் பெறுபவர் தலையில் விழுகிறது. ஆயிரம் கம்பெனிக்கு ஆயிரம் முறை வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன குற்றம் செய்தார்?

டென்மார்க்கில் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது நுகர்வோர் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம். புகாரைப் பொதுமக்களே அங்கே அனுப்பலாம். 2005இல் டெபிடெல் என்னும் கைப்பேசிச் சேவை நிறுவனத்துக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 20 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. டெபிடெல் ஏதோ மூலையில் ஒளிந்திருந்த மோசடிக் கும்பல் அல்ல. பெயரும் பலகையும் உள்ள கம்பெனி. அதனால்தான் அந்தத் தீர்ப்பு மற்ற கம்பெனிகளின் விளம்பரப் பிரிவுகளை விழிக்க வைத்தது.

விதிகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் குடியேறிய யூட்லாண்ட் பகுதியில், ஹெர்னிங் நகரில் ஒரு பெண் சேலைக்கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். மகளின் சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) பட்டுச்சேலை வாங்க ஒருவர் வருகிறார். பில்லை மின்னஞ்சலில் கேட்டு முகவரி தருகிறார். இனி அந்த முகவரிக்குப் புதுச் சேலை வந்த செய்தியை அனுப்பலாமா? அனுப்பலாம், நிபந்தனையோடு. முகவரி வாங்கும்போதே ‘விளம்பரம் வேண்டாமென்றால் இப்போதே சொல்லலாம்’ என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் செலவின்றி விலகிக்கொள்ளும் வழி இருக்க வேண்டும். கடைக்காரர் தான் விற்கும் அதே வகைப் பொருளைப் பற்றி மட்டுமே எழுதலாம். தன் தம்பி நடத்தும் கேட்டரிங் பற்றி அதே முகவரிக்கு எழுதினால் சட்டமீறல்.

கோயில் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் அதே கடைக்காரர் கைக்குக் கிடைக்கிறது. அதில் உள்ளவர்களுக்கு விளம்பரம் அனுப்பவே கூடாது. ‘உங்களுக்கு விளம்பரம் அனுப்பலாமா?’ என்று கேட்டு ஒரே ஒரு மின்னஞ்சல் போடலாமே என்று தோன்றும். அதுவும் ஸ்பேம்தான் என்பது ஆம்புட்ஸ்மன் நிலைப்பாடு. ‘நண்பருக்குச் சொல்லுங்கள்’ என்று வாடிக்கையாளரைக் கொண்டு இன்னொருவருக்கு அனுப்ப வைப்பதும் அப்படியே. வாங்கிய சம்மதத்தை ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது பொதுவாகக் காலாவதி. சம்மதம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடைக்காரருடையது, வாடிக்கையாளருடையது அல்ல.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டம் காலியாக இருக்க வேண்டும். மனிதர் தானே டிக் போட வேண்டும்.

டென்மார்க்கில் இந்தக் கறார் இன்று இன்னும் அவசியமாகியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே 2014 நவம்பர் முதல் 15 வயது நிரம்பியவர்களுக்கு அரசுக் கடிதங்கள் டிஜிட்டல் அஞ்சலில்தான் வருகின்றன. வரி, மருத்துவமனை, நகராட்சி எல்லாம் திரையில். புதுக் கடிதம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு மின்னஞ்சலிலும் வரும். அது தள்ளுபடி விளம்பரக் குவியலுக்கு நடுவே புதைந்துபோனால் இழப்பு சிறியதல்ல.

வெளிநாட்டிலிருந்து போலிப் பெயரில் வரும் மோசடி மின்னஞ்சலை இந்தச் சட்டம் தடுக்காது. அதை வடிகட்டிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு நிபந்தனை போட்டுள்ளன: அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் தொழில்நுட்பம் வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், அந்த விலகல் இரண்டு நாளில் நடந்தாக வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டினால் அந்த மின்னஞ்சல்கள் இன்பாக்ஸுக்கு வந்து சேர்வதே கடினம். ஆகவே நேர்மையான பட்டியல் வியாபாரத்துக்கும் நல்லது. விலைக்கு வாங்கிய பட்டியலில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அவற்றுக்கு அனுப்பினால் உண்மையான வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் போய்ச் சேராது. பதிவு செய்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பி, அவர் அதைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்ப்பதுதான் நல்ல நிறுவனங்களின் வழக்கம்.

இந்தியாவில் கைப்பேசித் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் 1909 என்ற புகார் எண்ணும் உண்டு. விளம்பர மின்னஞ்சலுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. சம்மதம் தொடர்பான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

அதுவரை காத்திருக்க நம் கடைகளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பில் போடும்போது மெயில் ஐடி கேட்கும் ஊழியர் ‘ஆஃபர் அனுப்பலாமா?’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். அவர் கேட்காவிட்டால் எதற்கு என்று நீங்கள் கேளுங்கள். பில்லுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.