கர்ப்பிணிகளும் இரத்தக் கொதிப்பும்

அருமனையைச் சுற்றியுள்ள கிராமங்களில், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கினால் அது வெறும் நீர், பிரசவமானால் வடிந்துவிடும் என்று சொல்லி விட்டுவிடுவது உண்டு. பெரும்பாலோர் விஷயத்தில் அது உண்மையே. ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்குமாயின், அது வேறொரு நோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

உலகெங்கும் எடுத்த கணக்குகளின்படி 100 கர்ப்பிணிகளில் 5 முதல் 10 பேருக்கு இரத்தக் கொதிப்பு காண்கிறது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் குடும்பங்களில் வருஷத்திற்கு 40 பிரசவங்கள் நிகழ்வதாக வைத்துக்கொண்டால், இரண்டு முதல் நான்கு வீடுகளில் இது நேரிடும். அப்படியிருந்தும் இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஏனெனில் இது முற்றும் வரையில் பெரும்பாலும் வலி தருவதில்லை. அளந்து பாராமல் கொதிப்பு இல்லை என்று சொல்வது, கணக்குப் பரிசோதனை நடவாத சங்கத்தில் கையாடலே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்னரே கொதிப்பு இருக்கும். சிலருக்கு 20 வாரங்களுக்குப் பின் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ தொடும். அதனுடன் சிறுநீரில் புரதம் கண்டாலும், ஈரல், சிறுநீரகம் முதலியவை கெட்டாலும் நோய் கடுமையாகிவிட்டதென்று கொள்ள வேண்டும். முதற்பிள்ளை சுமப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நீரிழிவோ சிறுநீரக வியாதியோ உடையவர்கள், முன்பிரசவத்தில் இந்நோய் கண்டவர்கள் ஆகியோருக்கு இது அதிகமாக வரும். தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அடுத்து வருவது வலிப்பு. அதைப் பேய்க்கோளாறு என்று மயங்கி மந்திரவாதியைத் தேடிப் போகும் நேரத்தில் தாய் உயிரிழக்கக்கூடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பிரசவ சம்பந்தமான மரணங்களில் நூற்றுக்கு 16 இந்நோய்களால் விளைந்தவை.

இந்நோய்க்கு முடிவான சிகிச்சை, குழந்தையும் நஞ்சும் வெளிப்படுவதே. அது வரையில் கொதிப்பைத் தணிக்க மாத்திரைகளும், வலிப்பைத் தடுக்க மக்னீஷியம் சல்பேட்டும் உண்டு. பின்னது விலை குறைந்த மருந்து. 33 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தி 2002-ல் வெளியான பரிசோதனையில், இது வலிப்பைப் பாதியாகக் குறைத்தது. அதிக அபாயமுள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே வைத்தியர் சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பதும் வழக்கத்திலுள்ளது. தாமே வாங்கி உண்ணலாகாது.

ரப்பர் வெட்டுக்குப் போகும் குடும்பங்களில் ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே பரிசோதனை தள்ளிப்போடப்படுகிறது. இதைச் சோம்பல் என்று கண்டிப்பது நியாயமன்று. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அதற்குக் கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2016 முதல் இருந்துவருகிறது. எந்தப் பரிசோதனையானாலும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தார்களா என்று வீட்டார் கேட்டறிந்து வருதல் நலம்.

பிரசவமானவுடன் அபாயம் நீங்கிற்று என்று எண்ணுவதும் பிழை. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வருவதுண்டு. சிலருக்கு ஆறு வாரம் வரையிலும் கொதிப்பு தணியாது. தாய்வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டையும் கூடவே கொடுத்தனுப்பி, அங்கேயும் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வலிப்புக் கண்டால், தாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் புகட்டாமல், உடனே 108-க்குத் தகவல் கொடுக்க வேண்டும்.