அந்த ஏழு இருக்கை வண்டியை வாங்கலாமா?

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் தைப்பிங்கில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு ஒரு வண்டியைப் பற்றித்தான். 2012இல் பதிவான டீசல் எஸ்யூவி. கேட்ட விலை 32,000 ரிங்கிட். அதே ரக வண்டிக்கு மற்றவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ஏன் இவ்வளவு குறைவு என்று அப்பா கேட்டபோது, உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. "காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் வெள்ளைப் புகை வரும் அண்ணே. இன்ஜெக்டர் பார்க்கணும்" என்றார்.

நாங்கள் ஆறு பேர். பாட்டிக்கு மூட்டு வலி. தைப்பூசத்துக்குப் பினாங்கு போவதென்றால் எங்கள் சின்ன காரில் எல்லாரும் ஏற முடியாது. அதனால் அப்பாவின் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் கையில் இருந்த 36,000 ரிங்கிட்டில்தான் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருந்தது.

"டீசல் செலவு கம்மி" என்ற அப்பாவின் முதல் வாதம் சீக்கிரம் அடிபட்டுப் போனது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. அப்போது ரோன் 95 பெட்ரோல் 2.05தான். தகுதியுள்ளவர்களுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் உதவி இருந்தது. அதை நம்பி வண்டி வாங்க முடியாது.

பிறகு, அப்பாவின் நண்பரான ஃபோர்மேன் மாமாவிடம் போனோம். "இன்ஜெக்டர் தேஞ்சா மாத்திடலாம். அது எத்தனை நாளா ஒழுகுது, உள்ளே என்ன பண்ணி வச்சிருக்குன்னுதான் பார்க்கணும்" என்றார். இன்ஜெக்டரின் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். அது சரியாக அடைக்காவிட்டால், இந்த வகை என்ஜினில் எரிந்த வாயு மேலே கசிந்து என்ஜின் எண்ணெயோடு கலக்குமாம். கரி படிந்து, அடித்தொட்டியில் எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டி அடைபடும். எண்ணெய் டர்போவுக்கும் பேரிங்குக்கும் போகாது. அதன் பிறகு வரும் பில் நாலு இன்ஜெக்டரோடு நிற்காது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் புகை தெரியாது என்பதால், மாமா முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். என்ஜின் ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்தார். புகை குப்பென்று வரவில்லை. பிஸ்டன் ரிங் பரவாயில்லை என்றார். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் குழாய் மாட்டி, திரும்பி வரும் டீசலை அளந்தார். இரண்டில் மிக அதிகம். மிச்சம் இருந்தது அடித்தொட்டியைக் கழற்றி அந்த வடிகட்டியைப் பார்ப்பது மட்டும்தான்.

"வாங்கிட்டுக் கழட்டிக்குங்க. புஸ்பாகோம்ல பாஸ் ஆகும்" என்றார் உரிமையாளர். புஸ்பாகோமில் தேறினால் என்ஜின் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனையில் பார்ப்பது சேசிஸ் எண், என்ஜின் எண், வண்டியின் கட்டமைப்பு, கண்ணாடியின் கருமை போன்றவற்றை. வடிகட்டியை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

விலையில் இன்னும் 2,000 குறைக்கிறேன் என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. இது சிக்கல் என்று எனக்குத் தோன்றியது. விலை குறையக் குறைய, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே சம்மதிக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். அம்மாதான் கேட்டார்: "கழட்டின பிறகு மோசம்னு தெரிஞ்சா, யார் கட்டுறது?"

மாமாவிடம் கேட்டேன், நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா என்று. "வாங்குவேன். எனக்குக் கூலி கிடையாது, பழைய சாமான் எங்கே கிடைக்கும்னும் தெரியும். உங்கப்பா வாங்கினா எல்லாத்துக்கும் காசு" என்றார்.

அப்பா வாங்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை. ஒரு மாதம் கழித்து, அந்த வண்டியை ஒரு பட்டறைக்காரர் 29,000க்கு எடுத்தார் என்று கேள்விப்பட்டோம். வடிகட்டி எப்படி இருந்ததென்று விசாரிக்கச் சொல்லி மாமாவை அப்பா இன்னும் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.